பாட்டைத் தேடினால் பெட்டி ஏன் வருகிறது? எஸ்க்யூலைட்டில் தமிழ்த் தேடல்

2025 ஜனவரி 11, வாசகர் கேள்வி

எங்கள் நூற்பட்டியலில் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் எஃப்டிஎஸ்5 எனும் முழு உரைத் தேடலைப் பொருத்தினேன். ஆங்கிலத் தலைப்புகளில் குறையே இல்லை. தமிழில் "பாட்டு" என்று தேடினால் பாட்டி, பெட்டி, போட்டி, புட்டு எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. யூனிகோடை ஆதரிப்பதாக ஆவணத்தில் எழுதியிருந்தாலும் தமிழுக்கு இது உதவாது என்பதே என் முடிவு. தனிச் சர்வரில் ஓடும் பெரிய தேடல் மென்பொருளுக்கு மாறுவதைத் தவிர வேறு வழி உண்டா?

ஜனவரி 11, மாலை

உண்டு. மாறுவதற்கு முன் இன்டெக்ஸுக்குள், அதாவது தேடலுக்கான சொற்பட்டியலுக்குள், என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எஃப்டிஎஸ்5வோகேப் என்றொரு மெய்நிகர் அட்டவணை எஃப்டிஎஸ்5 உடனேயே வருகிறது. அதை "ரோ" வகையில் உருவாக்கிப் படித்தால், பதிவான ஒவ்வொரு டோக்கனும் (தேடலுக்காக வெட்டிய சொல்துண்டும்), அது எத்தனை பதிவுகளில் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கோடு கிடைக்கும். உங்கள் பட்டியலில் முழுச் சொற்களுக்குப் பதிலாக ப, ட, க, த என்று ஒற்றை எழுத்துகளே மேலே நிற்கும். நீங்கள் தேடுவது சொற்களை அல்ல, சொற்களை உடைத்தபின் எஞ்சிய சில்லுகளை.

ஜனவரி 12

இப்போது காரணம். உரையை டோக்கன்களாக வெட்டும் பகுதிக்கு டோக்கனைசர் என்று பெயர். எஃப்டிஎஸ்5 இயல்பாகப் பயன்படுத்தும் டோக்கனைசரின் பெயர் யூனிகோட்61, யூனிகோட் 6.1 பதிப்பை ஒட்டிய பெயர் அது. யூனிகோட் ஒவ்வொரு குறியெண்ணையும் (ஓர் எழுத்துக்கோ குறிக்கோ தரப்பட்ட எண்ணையும்) எழுத்து, எண், நிறுத்தக்குறி, ஒட்டுக்குறி என்று ஏதேனும் ஒரு வகையில் சேர்த்திருக்கிறது. இந்த டோக்கனைசர் எழுத்து, எண், தனிப்பயன் ஆகிய மூன்று வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. மற்றவை அனைத்தும் அதற்கு இடைவெளிக்குச் சமம்.

தமிழில் அ முதல் ஔ வரையுள்ள உயிர்களும், க, ப, ட போன்ற அகரமேறிய மெய்களும் எழுத்து வகையில் இருக்கின்றன. துணைக்கால், கொம்பு, உகர ஊகாரக் குறிகள், புள்ளி ஆகியவையெல்லாம் ஒட்டுக்குறி வகையில் இருக்கின்றன. ஆகவே "தமிழ்" என்ற சொல்லில் த, ம இரண்டும் சேர்ந்து "தம" என்று ஒரு டோக்கன் ஆகும். இகரக்குறி அங்கே கத்தரிக்கோலாக நுழையும். "ழ" இன்னொரு டோக்கன் ஆகும். புள்ளி காணாமல் போகும். "பாட்டு" என்பது ப, ட, ட என்று மூன்றாகும். பாட்டி, பெட்டி, போட்டி, புட்டு ஆகிய நான்கும் அதே ப, ட, ட தான். நீங்கள் தேடும்போது உங்கள் தேடற்சொல்லும் அதே முறையில் வெட்டப்பட்டு, மூன்று டோக்கன்களும் அடுத்தடுத்து வரும் தொடராகக் கொள்ளப்படுகிறது. அதனால் எதையும் தவறவிடாமல் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுகிறது. பட்டு, பட்டி, பட்டை மூன்றுக்கும் இதே கதி: "பட", "ட".

ஆய்தம் மட்டும் எழுத்து வகையில் இடம்பிடித்துத் தப்பித்துவிட்டது. "அஃது" என்று தேடுகிறவர்களுக்குக் குறை அவ்வளவாகத் தெரியாது. அப்படித் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. இந்தி, மலையாளம், வங்காளம் என்று உயிர்க்குறியைத் தனிக் குறியெண்ணாக வைத்திருக்கும் எழுத்துமுறைகள் எல்லாவற்றிலும் இதே வெட்டு விழும்.

ஜனவரி 12, இரவு

தீர்வு ஒற்றை வரி. யூனிகோட்61 டோக்கனைசர் "கேட்டகரிஸ்" என்றொரு விருப்பத்தை ஏற்கிறது; எந்தெந்த வகைகளைச் சொல்லின் பகுதியாகக் கொள்ளலாம் என்பதை அதில் பட்டியலிடலாம். இயல்பாக அதில் இருக்கும் மூன்றுடன், ஒட்டுக்குறிகளின் உட்பிரிவுகளான எம்சி, எம்என் ஆகிய இரண்டு வகைகளையும் சேர்த்து அட்டவணையை உருவாக்குங்கள். டோக்கனைசருக்கான முழு மதிப்பையும் இரட்டை மேற்கோளுக்குள்ளும், வகைப் பட்டியலை அதனுள் ஒற்றை மேற்கோளுக்குள்ளும் வைக்க வேண்டும். மேற்கோள் இடம் மாறினால் அட்டவணையே உருவாகாது.

எம்சி, எம்என் இரண்டும் வேண்டும். எம்சி மட்டும் போதும் என்று எழுதியிருக்கும் விடைகளைப் பார்த்திருக்கிறேன். தமிழ் உயிர்க்குறிகளில் பெரும்பாலானவை எம்சி தான்; ஆனால் ஈகாரக்குறியும் புள்ளியும் எம்என் வகையில் இருக்கின்றன. எம்சி மட்டும் சேர்த்தால் "வீடு" என்பது "வ", "டு" என்று பிரியும். சோதனைக்குக் "காடு", "மாடு" என்று எழுதிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுந்துபோகிறவர் இதைக் கவனிக்கவே மாட்டார்.

முந்தைய எஃப்டிஎஸ்4 இல் சிக்கியிருப்பவர்களுக்கு இந்த விருப்பம் கிடையாது. அவர்கள் "டோக்கன்சார்ஸ்" விருப்பத்தில் 11 உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். பார்ப்பதற்கு அழகாக இராது, வேலை செய்யும்.

ஜனவரி 14

இருக்கும் அட்டவணையில் டோக்கனைசரை மாற்றிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். நீக்குவதற்கு முன் உங்கள் எஃப்டிஎஸ்5 அட்டவணை எந்த வகை என்று பாருங்கள். "கன்டென்ட்" என்ற விருப்பத்தில் வேறோர் அட்டவணையைச் சுட்டியிருந்தால், மூல உரை அந்த அட்டவணையில் பத்திரமாக இருக்கிறது. தேடல் அட்டவணையை நீக்கி, புதிய விதியோடு உருவாக்கி, இன்டெக்ஸை மறுபடி கட்டும் "ரீபில்ட்" கட்டளையைக் கொடுத்தால் போதும். மூல அட்டவணையில் எழுதி வைத்த டிரிகர்களும் (பதிவு மாறும்போது தானாக ஓடும் கட்டளைகளும்) அப்படியே இருக்கும். அவ்வாறு சுட்டவில்லை என்றால் மூல உரையே தேடல் அட்டவணைக்குள் தான் இருக்கிறது. அதை நீக்கினால் உரையும் சேர்ந்து போகும். முதலில் சாதாரண அட்டவணை ஒன்றுக்கு நகலெடுங்கள்.

டிரிகர்களைப் பற்றி இன்னொன்று. சுட்டும் வகையில், ஒரு பதிவை நீக்கும்போது எஃப்டிஎஸ்5 இடம் பழைய உரையை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த உரையை மறுபடி வெட்டித்தான் எந்த டோக்கன்களைக் கழிப்பது என்று அது தெரிந்துகொள்கிறது. புதிய உரையைக் கொடுத்துவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. இன்டெக்ஸ் மட்டும் மெல்லக் கெடும். "இன்டெக்ரிட்டி-செக்" கட்டளையை அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஜனவரி 15

மேலே "ரீபில்ட் கொடுத்தால் போதும்" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு ஒருவர் நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் அதைக் கொடுத்திருக்கிறார். நூல் வழங்கும் மேசையில் "டேட்டாபேஸ் இஸ் லாக்ட்" என்று வந்ததாம்.

ரீபில்ட் முழுவதும், பிரிக்க முடியாத ஒரே எழுதும் பரிவர்த்தனை. எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும். 2010இல் 3.7.0 பதிப்பில் வந்த வால் (டபிள்யூஏஎல்) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறையில் இருந்தால், படிப்பவர்கள் தடையின்றிப் படிக்கலாம். இன்னொருவர் எழுத வந்தால் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை "பிஸி டைம்அவுட்" மூலம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எஸ்க்யூலைட்டில் அதன் இயல்பு மதிப்பு 0. அதாவது காத்திராமல் உடனே கையை விரித்துவிடும். பைதானின் எஸ்க்யூலைட்3 மாட்யூல் தானாகவே 5 விநாடி கொடுக்கிறது. பிற மொழிகளின் இணைப்பு நூலகங்கள் எல்லாம் அப்படிக் கொடுப்பதில்லை.

காத்திருப்பு நேரத்தை எவ்வளவு கூட்டினாலும் உடனடியாக "பிஸி" திரும்பிவரும் ஓர் இடம் உண்டு. பரிவர்த்தனையைச் சாதாரண "பிகின்" என்று தொடங்கி, முதலில் படித்து, பிறகு எழுத முனைகிறீர்கள். இடையில் வேறொருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் படித்த நிலை பழையதாகிவிட்டது. காத்திருந்தாலும் அது புதியதாகாது. அதனால் எஸ்க்யூலைட் காத்திருப்பதே இல்லை. எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே "பிகின் இமீடியட்" என்று எழுதுங்கள். லாக் பற்றி என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடுகிறது.

ஜனவரி 15, சற்றுப் பிறகு

அவர் தரவுத்தளக் கோப்பைப் பகிர்வு ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினிகளிலிருந்து திறப்பதாகப் பின்னர் தெரியவந்தது. வால் முறை ஒரே கணினியில் ஓடும் நிரல்களுக்கு மட்டுமே உரியது. அவை நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஒருங்கிணைகின்றன, வலையமைப்பு வழியாக அது நடக்காது. பழைய ஜர்னல் முறையிலும், பகிர்வு ஃபோல்டர்களின் லாக் பொய் சொல்லக்கூடும் என்பதால், கோப்பு கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. ஒரு கணினியில் சிறிய வலைச்செயலி ஒன்றை ஓடவிட்டு, மற்றதை உலாவி வழியாக அதோடு பேசவிடுங்கள். பெரிய தேடல் சர்வருக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் நானே சர்வர் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன் என்பது தெரிகிறது. ஆனால் இது வேறு சர்வர். இதற்கு ஒரு பழைய கணினியும் மின்சாரமும் போதும்.

ஜனவரி 18

புதிய டோக்கனைசர் சரியாக அமைந்ததா என்று கண்ணால் பார்க்க ஒரு குறுக்குவழி. "ஹைலைட்" செயற்கூறில் குறியீடாகச் சதுர அடைப்புக்குறிகளைக் கொடுத்துத் தேடுங்கள். பழைய விதியில் "பாட்டு" இப்படித் தெரியும்: [பாட்ட]ு. கடைசி உகரக்குறி எந்த டோக்கனிலும் சேராததால் அடைப்புக்கு வெளியே அநாதையாக, பல திரைகளில் புள்ளிவட்டத்தின் மேல் தொங்கும். புதிய விதியில் [பாட்டு] என்று முழுமையாக வரும். தேடல் முடிவுகள் பார்வைக்குச் சரியாகத் தோன்றினாலும் தலைப்புகளில் இந்தப் புள்ளிவட்டம் எங்கேனும் தெரிந்தால், சொல் எங்கோ வெட்டுப்படுகிறது என்று பொருள்.

ஜனவரி 19

"தமிழுக்கு இது உதவாது" என்ற கூற்றின் இன்னொரு பகுதிக்கு வருகிறேன்: இயல்பு விதியையே எஸ்க்யூலைட்டை எழுதுகிறவர்கள் மாற்றிவிடலாமே?

மாற்ற முடியாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. டோக்கன்கள் கோப்பிற்குள் எழுதப்பட்டுவிட்டவை. இயல்பு விதியை நாளை மாற்றினால், நேற்றுவரை உருவான கோப்புகளில் "தம", "ழ" என்று கிடக்கும், தேடல் "தமிழ்" என்று முழுச்சொல்லைக் கேட்கும், எதுவும் கிடைக்காது. மென்பொருளைப் புதுப்பித்ததும் தேடல் நின்றுபோனது என்று தொலைபேசிகளிலும் உலாவிகளிலும் இருந்து புகார் குவியும். டி. ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றின் மென்பொருள் பணிக்கிடையே எஸ்க்யூலைட்டை எழுதத் தொடங்கியவர். 2050 வரை பராமரிப்பது என்பது அவர் குழுவின் அறிவிக்கப்பட்ட நோக்கம். அயல்விசைச் சரிபார்ப்பு (ஓர் அட்டவணை சுட்டும் பதிவு மற்றதில் உண்டா என்று பார்ப்பது) இன்றும் இயல்பில் அணைந்தே இருப்பதற்கும் இதே காரணம்தான். பழைய கோப்பு திறக்க வேண்டும், பழையபடி நடக்க வேண்டும். அந்தப் பிடிவாதத்தை மதிக்கிறேன். அதன் விலையில் ஒரு பங்கைத் தமிழில் எழுதுகிறவர்கள் கொடுக்கிறோம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குறைந்தது ஆவணத்தில் இந்திய எழுத்துமுறைகளுக்கான எடுத்துக்காட்டு ஒன்று இருந்திருக்கலாம்.

ஜனவரி 23

விதியைச் சரிசெய்த பிறகும் "கொடி" என்று தேடினால் சில நூல்கள் வரவில்லை என்பது உரைநிலைச் சிக்கல். ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. எஸ்க்யூலைட் இதை ஒன்றாக்குவதில்லை. அதற்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். உரையைச் சேமிப்பதற்கு முன்பும் தேடற்சொல்லை அனுப்புவதற்கு முன்பும் இத்தகைய மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தைச் செயலியிலேயே செய்துவிடுங்கள்.

என்எஃப்சி தீர்க்காதவையும் இருக்கின்றன. "ஸ்ரீ" என்பதை ஸ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஔகாரக்குறிக்குப் பதிலாகக் கொம்பும் ள என்ற எழுத்தும் தட்டுகிறவர்கள் உண்டு. க், ஷ இரண்டும் கூட்டெழுத்தாகச் சேர்ந்துவிடாமல் தடுக்க இடையில் நுழைக்கப்படும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு விலக்கி வேறு இருக்கிறது. அது ஒட்டுக்குறி வகையிலும் இல்லை என்பதால் மேலே சொன்ன விதிக்குப் பிறகும் சொல்லை வெட்டும். நான் பராமரிக்கும் நூற்பட்டியலில் இவை எல்லாவற்றையும் ஒரே சிறிய செயற்கூறில் வைத்து, உள்ளே போகும் உரைக்கும் தேடவரும் சொல்லுக்கும் அதையே பயன்படுத்துகிறேன். இரண்டு இடங்களில் இரண்டு விதமாக எழுதினால் பின்னாளில் எது எதனோடு பொருந்தவில்லை என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.

பிப்ரவரி 1

வேற்றுமை உருபுகள். "வீடு" என்று தேடினால் "வீட்டில்", "வீட்டை" ஆகியவை வர வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. எஃப்டிஎஸ்5 உடன் வரும், சொல்லின் விகுதிகளை வெட்டும் "போர்ட்டர்" ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது. தமிழுக்கு அப்படி எதுவும் உள்ளே இல்லை.

குறியெண் நிலையில் ஒரு வசதி இருக்கிறது. "வீடு", "வீட்டில்" இரண்டும் எழுத்து நிலையில் "வீ" வரைதான் ஒன்று. குறியெண் நிலையில் "வீட" வரை ஒன்று, ஏனெனில் புள்ளி தனிக் குறியெண். ஆகவே தேடற்சொல்லின் இறுதி உகரக்குறியை நீக்கி, முன்னொட்டுத் தேடலாக "வீட*" என்று அனுப்பினால் வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீடுகள் எல்லாம் அகப்படும். "ஆறு", "ஆற்றில்" ஆகியவற்றுக்கு "ஆற*". உடுக்குறியை மேற்கோளுக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் அது பொருளற்ற நிறுத்தக்குறியாகிவிடும்.

மகர ஈற்றுப் பெயர்களுக்கு இது போதாது. "மரம்" என்பதை "மர*" என்று சுருக்கினால் மரபும் மரணமும் வந்துவிடும். அதற்குப் பதிலாக "மரம*", "மரத்த*", "மரங்க*" மூன்றையும் "ஆர்" போட்டு இணைத்து அனுப்புகிறேன். மரம், மரமும், மரத்தை, மரத்தில், மரங்கள் என்று வேண்டியவை கிடைக்கும். இலக்கண நூல்களில் இருக்கும் அத்துச் சாரியைக்கு இப்படியொரு பயன் இருக்கும் என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2

நேற்றைய வழியை முதல் கேள்விக்கே பொருத்திப் பார்த்தேன். "பாட்டு" என்பது "பாட்ட*" ஆகிறது. பாட்டு, பாட்டை, பாட்டுகள் எல்லாம் வந்தன. பாட்டியும் திரும்பி வந்துவிட்டார், பாட்டனையும் அழைத்துக்கொண்டு. "பாட்டில்" என்று வருவதில் பாடல் எது, கண்ணாடிக் குப்பி எது என்பதை எந்த டோக்கனைசராலும் சொல்ல முடியாது.

எனவே முன்னொட்டுத் தேடலை முதல் வரிசையில் வைக்க வேண்டாம். முழுச்சொல்லுக்கான விடைகளை முதலில் காட்டுங்கள். அவற்றுக்குக் கீழே, "தொடர்புடையவை" என்ற தலைப்பில் முன்னொட்டு விடைகளைக் காட்டுங்கள். நூலகர்கள் இதைக் குறையாகக் கருதவில்லை. தேடியது கிடைக்காமல் போவதைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

பிப்ரவரி 4

2020 டிசம்பரில் வந்த 3.34.0 பதிப்பிலிருந்து டிரைகிராம் டோக்கனைசர் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் உருபு, சந்தி ஆகிய தொல்லைகள் எதுவும் இல்லையே என்று கேட்கிறார்கள். அது ஒவ்வோர் அடுத்தடுத்த மூன்று குறியெண்களையும் ஒரு டோக்கன் ஆக்குகிறது; சொல்லின் நடுவிலும் தேடலாம். "நூலகத்துறை" என்பதில் "துறை" கிடைக்கும். தொடர்சொற்கள் மிகுந்த தமிழுக்கு இது மெய்யான பயன்.

ஆனால் மூன்று என்பது குறியெண் கணக்கு. "தமிழ்" என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து, எஸ்க்யூலைட்டின் "லெங்த்" செயற்கூறுக்கு 5. "பூ", "தீ", "நீ" போன்றவை இரண்டே குறியெண்கள் என்பதால் டிரைகிராமில் அவற்றைத் தேடவே முடியாது. "கல்" சரியாக மூன்று. தேடலாம், கூடவே பகலும் நகலும் வரும். "பட்டி" என்று ஊர்ப்பெயரைத் தேடினால் நூலகத்தின் "பட்டியல்" ஒன்றுவிடாமல் வந்து நிற்கும். இன்டெக்ஸின் அளவும் கூடும். தலைப்புகளுக்கு மட்டும், அதுவும் இரண்டாம்கட்டத் தேடலாக வைத்துக்கொள்ளலாம். முதன்மைத் தேடலாக நான் வைக்கமாட்டேன்.

பிப்ரவரி 15

ஒற்று மிகுதல். "வீட்டுக்குச் சென்றான்" என்பதில் டோக்கன் "வீட்டுக்குச்" என்று பதிவாகிறது. "வீட்டுக்கு" என்று முழுச்சொல்லைத் தேடுபவருக்கு அது கிடைக்காது. தமிழ்ச்சொற்கள் க், ச், த், ப் ஆகிய வல்லின ஒற்றுகளில் முடிவதில்லை என்பதால், டோக்கனின் இறுதியில் அவை இருந்தால் வெட்டிவிடலாம் என்பது எளிய எண்ணம். இதற்குச் சொந்த டோக்கனைசர் ஒன்றை சி மொழியில் எழுதலாம். முழுவதையும் எழுத வேண்டியதில்லை. போர்ட்டர் செய்வதுபோல யூனிகோட்61 ஐ உள்ளே வைத்து, அது தரும் ஒவ்வொரு டோக்கனையும் வாங்கி, வாலை வெட்டி அனுப்பும் உறை போதும்.

உறை எழுதியவுடன் "பைக்" என்று தேடினால் "பை" பற்றிய நூல்கள் வந்தன. கடன்சொற்கள் இந்த இலக்கணத்துக்குக் கட்டுப்படுவதில்லை: டிஸ்க், லேப்டாப், பேங்க், கப். எஃப்டிஎஸ்5 இதற்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு டோக்கன்களை அடுக்க "கோலொகேட்டட்" என்ற கொடி உண்டு. உரையைப் பதியும்போது மட்டும் "வீட்டுக்குச்", "வீட்டுக்கு" இரண்டையும் ஒரே இடத்தில் பதியுங்கள்; தேடற்சொல்லை வெட்டாமல் அப்படியே விடுங்கள். டோக்கனைசர் அழைக்கப்படுவது உரைக்காகவா தேடலுக்காகவா என்பதை எஃப்டிஎஸ்5 ஒவ்வொரு முறையும் கொடிகளில் சொல்லிவிடுகிறது. இப்போது "பைக்" தேடினால் பைக் மட்டும் வரும். "பை" தேடினால் பைக்கும் வரும். அவ்வளவை வாசகர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

எழுதுகிறவர்கள் இடறக்கூடிய இரண்டு இடங்கள். டோக்கனோடு திருப்பித் தரும் தொடக்க, இறுதி எண்கள் பைட் கணக்கு, மூல உரையின் கணக்கு. தமிழில் ஒரு குறியெண்ணுக்கு 3 பைட். டோக்கனைசருக்குள்ளேயே என்எஃப்சி இயல்பாக்கமும் செய்தால் இந்தக் கணக்கு பிசகி ஹைலைட் எழுத்தின் நடுவில் விழும். இயல்பாக்கத்தை வெளியே வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். அடுத்து, எஃப்டிஎஸ்5 இன் ஏபிஐ சுட்டியைப் பெறும் முறை 2017இல் 3.20.0 பதிப்பில் மாறியது. அதற்கு முன் அது ஒரு பிளாப் (பைட் தொகுதி) மதிப்பாகத் திரும்பிவந்தது. இப்போது சுட்டியைப் பைண்ட் செய்து வாங்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளை ஒட்டினால் எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டிதான் கிடைக்கும்.

பிப்ரவரி 22

மேலே உள்ள டோக்கனைசரை ஆண்ட்ராய்டில் ஏற்றுவது எப்படி? ஆண்ட்ராய்டுடன் வரும் எஸ்க்யூலைட்டில் நீட்சிகளை ஏற்ற முடியாது. எஸ்க்யூலைட்டின் ஒற்றைக் கோப்பு சி மூலத்தை உங்கள் செயலிக்குள் சேர்த்து, எஃப்டிஎஸ்5 ஐ இயக்கும் கொடியோடு நீங்களே கம்பைல் செய்ய வேண்டும். மேசைக்கணினியிலும் நீட்சி ஏற்றம் இயல்பில் பூட்டியே இருக்கும். சில பைதான் தொகுப்புகளில் அதைத் திறக்கும் செயற்கூறே இராது.

இதைவிடக் கவலைக்குரியது வேறு. சொந்த டோக்கனைசரோடு உருவான அட்டவணையை, அந்த டோக்கனைசர் இல்லாத எந்த நிரலாலும் தேட முடியாது. நாளை யாரோ ஒருவர் சாதாரண கட்டளைவரிக் கருவியில் கோப்பைத் திறந்தால், அப்படியொரு டோக்கனைசரே இல்லை என்ற பிழைதான் வரும்.

பிப்ரவரி 23

இதை யோசித்தபின் சிறிய நூற்பட்டியல்களுக்கு சி டோக்கனைசரை நான் பரிந்துரைப்பதில்லை. தேடல் அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகள் வையுங்கள்: முதலாவதில் தலைப்பு, உள்ளபடி, இரண்டாவதில் ஒற்று நீக்கிய வடிவங்கள், உருபு நீக்கிய வடிவங்கள், ஸ்ரீயின் மாற்று வடிவம் என்று செயலி உருவாக்கித் தரும் துணைச்சொற்கள். பொருத்தத்தை மதிப்பிடும் "பிஎம்25" செயற்கூறில் முதல் நெடுவரிசைக்கு 10, இரண்டாவதுக்கு 1 என்று எடை கொடுத்தால் நேரடிப் பொருத்தம் மேலே வரும். அதன் மதிப்பு எதிர்மறை எண் என்பதால் ஏறுவரிசையில் அடுக்க வேண்டும். எந்தக் கருவியிலும் திறக்கும், யூனிகோட்61 மட்டுமே போதும், பதினைந்தாம் தேதி எழுதிய உறை தேவையில்லை. இரண்டாவது நெடுவரிசையில் மட்டும் பொருந்திய நூல்களுக்குத் தலைப்பில் ஹைலைட் விழாது. அதை நான் விட்டுவிட்டேன்.

தேடற்பெட்டியில் வருவதை அப்படியே அனுப்பாதீர்கள். இடையில் ஒரு சிறுகோடு இருந்தாலே பிழை வரும். ஒவ்வொரு சொல்லையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, உள்ளே வரும் இரட்டை மேற்கோளை இரட்டிப்பாக்கி அனுப்புங்கள்.

மார்ச் 8

அகரவரிசை பற்றிய கேள்வி வந்திருக்கிறது. தேடலோடு ஒட்டியது என்பதால் இங்கேயே எழுதுகிறேன். எஸ்க்யூலைட்டின் இயல்பு வரிசை பைட் வரிசை. யூனிகோடில் ன என்பது ந வை அடுத்தும், ற என்பது ர வை அடுத்தும், ள, ழ இரண்டும் வ வுக்கு முன்னும் இருக்கின்றன. ஆகவே "மனம்" "மரம்" என்பதற்கு முன் வந்துவிடும்; அகராதியில் மரமே முன்னது. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் "கலை" முன்னும் "கல்வி" பின்னும் வரும். அகராதியில் மெய் முந்தும், கல்வியே முதலில்.

ஐசியூ (யூனிகோட் உரைக்கான நிரல்தொகுப்பு) நீட்சியையோ பைதானில் எழுதிய கொலேஷனையோ (வரிசை விதியையோ) பயன்படுத்தலாம். ஆனால் டோக்கனைசருக்குச் சொன்னதே இங்கும் பொருந்தும்: அந்தக் கொலேஷன் இல்லாத நிரல் அந்த இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியாது. ஐசியூவின் பதிப்பு மாறி ஒப்பீட்டு விதி மாறினால், பழைய விதியில் அடுக்கிய இன்டெக்ஸ் பிழையாகிவிடும். "ரீஇன்டெக்ஸ்" கொடுக்கும்வரை இருக்கும் நூலைக்கூட இல்லை என்று சொல்லலாம்.

நான் செய்வது வரிசைச்சாவி என்றொரு சாதாரண நெடுவரிசை. ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கில் அதன் இடத்தை எண்ணாக்கி, மெய்யை அடுத்துப் புள்ளி வந்தால் மிகச்சிறிய மதிப்பும், எதுவும் வராவிட்டால் அகரத்துக்கான அடுத்த மதிப்பும், பிறகு ஆகாரம் முதல் ஔகாரம் வரை ஏறும் மதிப்புகளும் கொடுக்கிறேன். குறி எதுவும் இல்லாத இடத்திலும் அகரத்தின் மதிப்பை எழுதியே ஆக வேண்டும்; அதை விட்டால் ஒவ்வொரு சாவியின் நீளமும் வேறாகி வரிசை குலையும். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளை னகரத்துக்குப் பின் வைத்திருக்கிறேன். ஆசிரியர் பெயருக்கான சாவியில் தலைப்பெழுத்துகளைப் பெயருக்குப் பின்னே தள்ளிவிடுகிறேன், நூலகத்தில் அட்டைப்பெட்டி இருந்த காலத்திலும் அப்படித்தான் அடுக்கினார்கள்.

அந்த நெடுவரிசைக்கு ஒரு சாதாரண இன்டெக்ஸ் போட்டுவிட்டு "எக்ஸ்ப்ளெய்ன் குவெரி பிளான்" ஓட்டிப் பாருங்கள். வரிசைப்படுத்தத் தற்காலிக பி-ட்ரீ பயன்படுத்துவதாகச் சொல்லும் வரி இன்னும் இருந்தால், இன்டெக்ஸை ஒரு நெடுவரிசைக்குப் போட்டுவிட்டு வேறொன்றால் அடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.